ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட்

ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட் (பெப்ரவரி 27, 1863 – ஏப்ரல் 26, 1931) அமெரிக்க மெய்யியலாளரும் சமூக உளவியலாளரும் ஆவார். தான் ஒரு தனி ஆள் என்று ஒருவர் தம்மை அறியும் நிலையைத் தன்னிலை என்பர். சுயம் என்றும் இது வழங்கப்படுகிறது. இந்தத் தன்னிலை பிறக்கும்போதே உடன் வருவதன்று, பிறரோடு பழகியும் பேசியும் சிறிது சிறிதாக உருவாவது என்பதே மீடின் முதன்மையான கருத்தாகும். வில்லியம் ஜேம்ஸ், ஜான் டூயி ஆகியோருடன் சேர்த்து இவர் அமெரிக்க நடைமுறைவாத மெய்யியலின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார். எனினும் மெய்யியல் துறையைவிடச் சமூகவியல் துறையிலேயே இவருடைய பெயர் அதிகமாக அறியப்பட்டுள்ளது. ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆசிரியராக இருந்த மீட், தம் வாழ்நாளில் தம் கொள்கையை விளக்கும் நூல் ஒன்றைக்கூட வெளியிடவில்லை. இன்று அவருடைய பெயரில் படிக்கப்படும் முதன்மை நூல், அவருடைய வகுப்பில் இருந்தவர்கள் எடுத்த குறிப்புகளிலிருந்து அவர் மறைந்த பின்னர் தொகுக்கப்பட்டதாகும்.

இளமை

மீட் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் சவுத் ஹாட்லி என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஹைரம் மீட் ஒரு சீர்திருத்தக் கிறித்தவப் போதகர். ஒகையோ மாநிலத்தின் ஓபர்லின் நகரிலிருந்த இறையியல் பள்ளியில் சமயச் சொற்பொழிவுக் கலையைக் கற்பிக்கும் பேராசிரியராக அவர் சென்றதால், குடும்பமும் மீடின் சிறுவயதிலேயே அங்குக் குடிபெயர்ந்தது. தாய் எலிசபெத் ஸ்டோர்ஸ் பில்லிங்ஸ் கல்வியில் சிறந்தவர். பிற்காலத்தில், 1890 முதல் 1900 வரை, மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்லூரியின் தலைவராக இருந்தவர்.

1833 இல் நிறுவப்பட்ட ஓபர்லின் கல்லூரி, கறுப்பின மாணவர்களையும் பெண்களையும் சேர்த்துக்கொண்ட முதல் அமெரிக்கக் கல்லூரிகளுள் ஒன்று. அடிமை முறைக்கு எதிரான போராட்டத்திலும் அதற்கு இடமுண்டு. மீட் 1879 இல் இங்குச் சேர்ந்தார். 1881 இல் தந்தை இறந்தார். குடும்பம் பொருள் நெருக்கடிக்கு உள்ளானது. தாய் ஆசிரியப் பணிக்குச் சென்றார். மீட் உணவு பரிமாறும் வேலை செய்துகொண்டே படித்தார்.

இக்கல்லூரியில்தான் ஹென்றி நார்த்ரப் காசில் என்பவர் இவருக்கு நண்பரானார். காசில், ஹவாய்த் தீவுகளில் குடியேறிய செல்வக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். இருவரும் இரவும் பகலும் மெய்யியல் பேசினர். டார்வினின் கொள்கை கல்லூரிகளைக் கலக்கிக்கொண்டிருந்த காலம் அது. தாங்கள் வளர்ந்த சமய நம்பிக்கையை இருவருமே மெல்ல மெல்ல இழந்தனர். போதகரின் மகனாகிய மீடுக்கு இயல்பாகத் திறந்திருந்த சமயப் பணி என்னும் வழி இதனால் அடைபட்டது. வேறு வழியும் புலப்படவில்லை.

1883 இல் பட்டம் பெற்ற மீட், பள்ளி ஆசிரியரானார். அடங்காத மாணவர்களை வகுப்பைவிட்டு வெளியேற்றியதனால், சுமார் 4 மாதங்களில் அவ்வேலையை இழந்தார். பின்னர் விஸ்கான்சின் மத்திய இருப்புப்பாதை நிறுவனத்தில் நில அளவையாளராகச் சேர்ந்தார். கோடையில் அளவைப் பணி, குளிர்காலத்தில் மினியாபொலிஸ் நகரில் தனிப்பாடம் என்று 3 ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. இந்த ஆண்டுகளில் காசிலுக்கு அவர் எழுதிய கடிதங்கள் மனச்சோர்வு மிக்கவை. தாம் எதற்குத் தகுதியானவர், தம்மை எந்தப் பணிக்கு ஒப்படைப்பது என்ற வினாக்களே அவற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன. பிற்காலத்தில் தன்னிலை பற்றி அமைதியான ஆய்வு மொழியில் எழுதியவர், இருபது வயதுகளில் தம்மைத் தேடித் தவித்திருக்கிறார் என்பதும், அத்தேடல் ஒரு நண்பருடன் நடந்த உரையாடலாகவே இருந்தது என்பதும் கவனிக்கத்தக்கன.

கல்வியும் திருமணமும்

1887 இல் மீட் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். காசிலும் அங்கு இருந்தார். மீடைப் பெரிதும் கவர்ந்த ஆசிரியர் கருத்துமுதல்வாதியான யோசையா ராய்ஸ். வில்லியம் ஜேம்சின் வீட்டில் தங்கி அவருடைய பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தபோதும், ஜேம்சின் மாணவராக மீட் இருந்தார் என்று சொல்வதற்கில்லை. ஜேம்சின் தாக்கம் பின்னர் நூல்கள் வழியாகவே வந்தது.

1888 இல் செருமனி சென்று, லைப்சிக் நகரில் வில்லெம் வுண்ட் என்பாரிடம் உடலியல் சார்ந்த உளவியலைக் கற்றார். அடுத்த ஆண்டில் பெர்லின் சென்றார். அங்கு வில்லெம் டில்தேயின் மேற்பார்வையில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கினார், ஆனால் முடிக்கவில்லை. 1891 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்ததும் ஆய்வைப் பாதியில் விட்டு நாடு திரும்பினார். முனைவர் பட்டம் அவர் கடைசிவரை பெறவே இல்லை. அதே ஆண்டில், ஹென்றி காசிலின் தமக்கை ஹெலன் காசிலைப் பெர்லினில் மணந்தார். இவர்களுக்கு ஹென்றி என்னும் ஒரே மகன். நண்பரின் பெயரே மகனுக்கும் இடப்பட்டது.

மிச்சிகனில் ஜான் டூயி, சார்லஸ் ஹார்ட்டன் கூலி ஆகிய இருவருடைய நட்பு கிடைத்தது. 1894 இல் புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த சிக்காகோ பல்கலைக்கழகம் டூயியை மெய்யியல் துறைத் தலைவராக அழைத்தது. மீடையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று டூயி கேட்டுக்கொள்ள, இருவரும் சிக்காகோ சென்றனர். டூயி 1904 இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றுவிட்டார். மீட் இறுதிவரை சிக்காகோவிலேயே இருந்தார்.

சிக்காகோ வந்த சில மாதங்களில் பெருந்துயரம் ஒன்று நேர்ந்தது. 1895 சனவரி 30 அன்று, செருமனியிலிருந்து புறப்பட்ட எல்பே என்னும் பயணிகள் கப்பல் வடகடலில் மற்றொரு கப்பலுடன் மோதி மூழ்கியது. 300க்கும் மேற்பட்டோர் இறந்த இவ்விபத்தில் ஹென்றி காசிலும் அவருடைய சிறு மகளும் உயிரிழந்தனர். மீடும் ஹெலனும் காசிலின் கடிதங்களைத் தொகுத்துத் தனிப்பட்ட பதிப்பாக அச்சிட்டனர். மீடின் இளமைக்காலத்தைப் பற்றி இன்று அறியப்படுவனவற்றுள் பெரும்பகுதி இந்த நட்பு விட்டுச்சென்ற கடிதங்களிலிருந்து பெறப்பட்டதே.

தன்னிலை பற்றிய கொள்கை

தன்னை அறிதல் பற்றிய ஐரோப்பிய மெய்யியலின் நவீன விவாதம் பெரும்பாலும் தனி மனிதனின் உள்ளத்திலிருந்து தொடங்கியது. 17 ஆம் நூற்றாண்டில் டேக்கார்ட், எல்லாவற்றையும் ஐயுற்றாலும் ஐயுறும் தன்னை ஐயுற முடியாது என்று கண்டு, அதையே அறிவின் அடித்தளமாக்கினார். அடுத்த நூற்றாண்டில் டேவிட் ஹியூம், தம் உள்ளத்தை நோக்கியபோது வெப்பம், குளிர், விருப்பு, வெறுப்பு போன்ற தனித்தனிப் புலனுணர்வுகளை மட்டுமே கண்டதாகவும், அவற்றுக்கு அப்பால் ஒரு தன்னிலையைக் காணவில்லை என்றும் வாதிட்டார். முடிவு எதிரெதிரானது எனினும், விடையைத் தம் உள்ளத்துக்குள் தேடினர் என்பதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர்.

மீட் இந்தத் தொடக்கப் புள்ளியையே மாற்றினார். தனி மனிதர்கள் முதலில் இருந்தனர், அவர்கள் கூடிச் சமூகத்தை அமைத்தனர் என்பது அவருக்கு உடன்பாடன்று. உயிரினங்களின் கூட்டுச் செயல்பாடு முதலில் வருகிறது. அதிலிருந்து மொழியும், மொழியின் வழியாக உள்ளமும் தன்னிலையும் தோன்றுகின்றன என்பதே அவர் வரிசை. டார்வினின் பரிணாமக் கொள்கை இதற்குப் பின்புலமாக உள்ளது.

இதை விளக்க மீட் சைகையிலிருந்து தொடங்குகிறார். சண்டையிடப் போகும் இரண்டு நாய்கள் அவர் தரும் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. ஒரு நாய் பல்லைக் காட்டி முன்னேறினால் மற்றது பின்வாங்கும், அல்லது தானும் பாயும். அதைக் கண்டு முதல் நாய் தன் நிலையை மாற்றும். இதை அவர் சைகைகளின் உரையாடல் என்கிறார். ஆனால் தன் சைகை எதிர்நாய்க்கு என்னவாகத் தோன்றுகிறது என்பதை எந்த நாயும் அறிவதில்லை.

மனிதரிடத்தில் இந்நிலை மாறுவதற்கு மீட் காட்டும் காரணம் எளிமையானது. அவருடைய கொள்கையின் மிகச் சிறந்த பகுதியும் இதுவே எனலாம். ஒருவர் தம் முகம் சுளிப்பதைத் தாமே காண முடியாது. ஆனால் தம் குரலைத் தாமே கேட்க முடியும். கேட்பவரின் காதில் விழும் சொல் சொல்பவரின் காதிலும் விழுகிறது. எனவே பிறரிடம் தூண்டும் அதே எதிர்வினையை அச்சொல் சொல்பவரிடமும் ஓரளவு தூண்டுகிறது. இவ்வாறு இருவரிடமும் ஒரே பொருளை எழுப்பும் சைகையே பொருளுடைய குறியீடு. மொழி என்பது இத்தகைய குறியீடுகளின் தொகுதி. சிந்தனை என்பது இந்த உரையாடல் உள்ளே திரும்பியது தவிர வேறன்று. தனியறையில் அமர்ந்து கடிதம் எழுதும் ஒருவர், அதைப் பெறுபவர் எப்படி வாசிப்பார் என்று எண்ணி ஒரு சொல்லை அடித்துவிட்டு வேறொன்றை எழுதும்போது, அறையில் அவர் மட்டும் இருந்தாலும் அங்கே உரையாடல் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

குழந்தை எவ்வாறு தன்னிலை பெறுகிறது என்பதை விளக்க, மீட் இரண்டு வகை விளையாட்டுகளை வேறுபடுத்துகிறார். முதல் வகையில் குழந்தை தாயாகவும் ஆசிரியராகவும் காவலராகவும் மாறி மாறி நடிக்கிறது. தானே கடைக்காரராகி விலை சொல்லித் தானே வாடிக்கையாளராகி வாங்குகிறது. இங்கு ஒரு நேரத்தில் ஒருவருடைய இடம் மட்டுமே எடுத்துக்கொள்ளப்படுகிறது. இரண்டாவது வகை விதிகளுடன் குழுவாக ஆடும் ஆட்டம். மீட் இதற்குப் பேஸ்பால் ஆட்டத்தைக் காட்டுகிறார். பந்து தம் கைக்கு வந்தால் என்ன செய்வது என்று முடிவுசெய்ய, மற்ற ஆட்டக்காரர் அனைவரும் என்ன செய்வர் என்பதை ஒவ்வொருவரும் ஒருசேர உள்ளத்தில் கொண்டிருக்க வேண்டும். இவ்வாறு முழுக் குழுவின் அல்லது முழுச் சமூகத்தின் நோக்கும் ஒருவருக்குள் அமைவதையே மீட் பொதுமையாக்கப்பட்ட பிறர் என்று அழைத்தார். அந்நோக்கிலிருந்து தம்மைத் தாமே பார்க்கத் தெரியும்போதுதான் ஒருவர் முழுமையான தன்னிலை பெறுகிறார்.

தன்னிலைக்குள் மீட் இரண்டு கூறுகளைக் காண்கிறார். ஆங்கிலத்தில் எழுவாயாக வரும் தன்மைப் பெயரும், செயப்படுபொருளாக வரும் அதன் வடிவமும் இவற்றுக்குப் பெயர்கள். தமிழில் நான், என்னை என்று இவற்றைச் சொல்லலாம். தமிழின் இரண்டாம் வேற்றுமை இவ்வேறுபாட்டை இயல்பாகவே காட்டிவிடுகிறது. ஜேம்ஸ் 1890 இல் வெளியிட்ட உளவியல் நூலிலேயே இந்த வேறுபாடு இருந்தாலும், மீட் அதற்கு வேறு பொருள் தந்தார். பிறருடைய நோக்கும் எதிர்பார்ப்பும் ஒருவருக்குள் ஒழுங்கமைந்து நிற்பது என்னை. அதற்கு அக்கணத்தில் அவர் தரும் பதில் நான். ஒருவர் பேசத் தொடங்கும்போது தாம் சொல்லி முடிக்கப்போவது என்னவென்பதைத் தாமே முழுமையாக அறிவதில்லை. சொல்லிய பின்னரே அறிகிறார். ஆகவே நான் என்பதை நேராகப் பிடிக்க முடியாது. அதைத் திரும்பிப் பார்க்கும் கணத்தில் அது நினைவாகி, என்னை என்பதன் பகுதியாகிவிடுகிறது.

மீடின் கொள்கை மனிதரைச் சமூகத்தின் வெறும் நிழலாக்கிவிடுகிறது என்ற குற்றச்சாட்டுக்கு இந்த வேறுபாடே மறுமொழி. சமூகம் தரும் பங்கை அப்படியே ஏற்பவரும் சரி, ஊரே எதிர்த்தாலும் தம் நிலையில் நிற்பவரும் சரி, இருவரும் அதே வழியில்தான் தன்னிலை பெற்றவர்கள். எதிர்த்து நிற்பவர் தனிமைக்குள் ஒதுங்கவில்லை என்றும், இப்போது இருப்பதைவிடப் பரந்த ஒரு சமூகத்தின் தீர்ப்பை முன்வைத்தே அவர் எதிர்க்கிறார் என்றும் மீட் கருதினார்.

கூலியும் மீடும்

மிச்சிகன் நண்பரான கூலி, 1902 இல் வெளிவந்த தம் நூலில், பிறர் கண்ணில் தாம் எப்படித் தோன்றுகிறோம் என்ற கற்பனையிலிருந்தே ஒருவரின் தன்னிலை அமைகிறது என்று கூறி, அதைக் கண்ணாடித் தன்னிலை என்றார். பாடநூல்கள் பல இவ்விருவரையும் ஒரே கருத்தினராகக் காட்டுகின்றன. இது முற்றிலும் சரியன்று. கூலி இறந்த மறு ஆண்டில், 1930 இல் எழுதிய கட்டுரையில், அவருடைய பங்களிப்பைப் பாராட்டிய மீட், தன்னிலையும் பிறரும் கூலியின் கொள்கையில் கற்பனைக்குள்ளேயே தங்கிவிடுகின்றனர் என்று குறை கூறினார். கண்ணாடியைப் பார்க்க ஏற்கனவே ஒருவர் இருந்தாக வேண்டும். அந்த ஒருவர் எப்படி வந்தார் என்பதே மீடின் கேள்வி.

நடத்தையியத்தை நிறுவிய ஜான் வாட்சனும் சிக்காகோவில் மீடின் வகுப்பில் இருந்தவர். வகுப்பில் மீட் சொன்னது தமக்குப் புரியவில்லை என்று வாட்சன் பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆயினும் ஞாயிற்றுக்கிழமைகளில் வாட்சனின் ஆய்வுக்கூடத்துக்குச் சென்று எலிகளையும் குரங்குகளையும் அவருடன் சேர்ந்து கவனிப்பதில் மீட் ஆர்வம் காட்டினார்.

சமூகப் பணி

மீட் வகுப்பறையோடு நின்றவரல்லர். அக்காலச் சிக்காகோ, ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்தும் வந்து குவிந்த குடியேறிகளால் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. அவர்களுக்கிடையே பணிபுரிய ஜேன் ஆடம்ஸ் தொடங்கிய ஹல் ஹவுஸ் இல்லத்துடன் மீடுக்கு நெருங்கிய தொடர்பு இருந்தது. 1910 இல் சிக்காகோ ஆடைத் தொழிலாளர்கள் நடத்திய பெரும் வேலைநிறுத்தத்தின்போது குடிமக்கள் குழுவில் பணியாற்றினார். தொழிற்கல்வி பற்றிச் சிக்காகோ நகரக் கழகம் 1912 இல் வெளியிட்ட அறிக்கையைத் தயாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1918 முதல் 1920 வரை அக்கழகத்தின் தலைவராகவும் இருந்தார். பெண்களின் வாக்குரிமையை ஆதரித்தார். முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்குவதை அவர் ஆதரித்ததும், ஜேன் ஆடம்ஸ் உறுதியாக எதிர்த்ததும் குறிப்பிடத்தக்கன.

அவருடைய கொள்கையும் பணியும் நேராகச் சந்திக்கும் இடம், தண்டனை நீதியின் உளவியல் பற்றி 1918 இல் அவர் எழுதிய கட்டுரை. குற்றவாளியின் மீது எழும் பொதுச் சினம் மக்களை வேகமாக ஒன்றுபடுத்துகிறது. அந்த ஒற்றுமையின் இனிமையே குற்றத்தின் காரணங்களைக் காணவிடாமல் கண்ணை மறைக்கிறது என்று அதில் வாதிட்டார். இதற்கு மாறாக, குற்றம் புரிந்த சிறுவரின் சூழலையும் குடும்பத்தையும் கேட்டறிய முயலும் சிறார் நீதிமன்றத்தைச் சுட்டினார். அமெரிக்காவின் முதல் சிறார் நீதிமன்றம் 1899 இல் சிக்காகோவில்தான் தொடங்கப்பட்டது.

இறுதிக்காலம்

1929 திசம்பர் 25 அன்று ஹெலன் காலமானார். அதே ஆண்டில் பல்கலைக்கழகத்தின் தலைவராகப் பொறுப்பேற்ற இராபர்ட் ஹட்சின்சுக்கும் மெய்யியல் துறைக்கும் இடையே புதிய நியமனங்கள் பற்றிக் கடும் பிணக்கு ஏற்பட்டது. 1930 திசம்பரில் மீட் கலிபோர்னியாவின் பெர்க்லியில் காரசு சொற்பொழிவுகளை ஆற்றினார். துறையின் சிக்கல்களால் நேரமின்றி, அவற்றின் பெரும்பகுதியை அவர் தொடருந்துப் பயணத்தில் எழுத நேர்ந்தது. 1931 இல் சிக்காகோ பதவியிலிருந்து விலகி, டூயி இருந்த கொலம்பியாவுக்குச் செல்ல ஆயத்தமானார். ஆனால் நோயுற்று, ஏப்ரல் 26 அன்று தம் 68 ஆவது வயதில் காலமானார். இரங்கல் உரையாற்றிய டூயி, அக்காலத் தலைமுறையின் அமெரிக்க மெய்யியலில் மீடுடையதே மிகவும் சுயமான சிந்தனை என்று மதிப்பிட்டார்.

நூல்கள்

மீட் வெளியிட்டவை ஆய்விதழ்க் கட்டுரைகளே. சமூகத் தன்னிலை (1913), தன்னிலையின் தோற்றமும் சமூகக் கட்டுப்பாடும் (1925) ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. அவருடைய நடை கடினமானது, வாக்கியங்கள் நீண்டவை. ஆனால் வகுப்பில் குறிப்பேடு இல்லாமல் அவர் பேசியவை மாணவர்களை ஈர்த்தன. சமூக உளவியல் பாடத்தை அவர் ஆண்டுதோறும் சிந்தித்தபடியே பேசினார். கருத்துகளும் ஆண்டுதோறும் சற்றே மாறின.

பெர்க்லி சொற்பொழிவுகள் 1932 இல் நூலாயின. 1934 இல் சார்லஸ் மாரிஸ் பதிப்பித்த உள்ளம், தன்னிலை, சமூகம் என்னும் நூலே மீடுக்கு உலகப் புகழ் தந்தது. 1928 ஆம் ஆண்டு வகுப்பில் சுருக்கெழுத்தாளர் ஒருவரைக் கொண்டு எடுக்கப்பட்ட படியையும், வேறு ஆண்டுகளின் மாணவர் குறிப்புகளையும் இணைத்து மாரிஸ் இதை உருவாக்கினார். பதிப்பாசிரியர் என்ற முறையில் அவர் பலவற்றை வெட்டினார், சேர்த்தார், இணைத்தார். மீடைச் சமூக நடத்தையியலாளர் என்று அடையாளப்படுத்தும் துணைத்தலைப்பும் மாரிஸ் தந்ததே. 1936, 1938 ஆம் ஆண்டுகளில் மேலும் இரு தொகுப்புகள் வெளிவந்தன.

தாக்கமும் திறனாய்வும்

மீட் நோயுற்றபோது அவருடைய வகுப்பை ஏற்று நடத்திய ஹெர்பர்ட் புளூமர் (அப்போது தொழில்முறைக் கால்பந்தாட்டக்காரராகவும் இருந்தவர்) 1937 இல் குறியீட்டு இடைவினையியம் என்ற பெயரை உருவாக்கினார். அதன் பின்னர் சமூகவியலில் மீட் ஒரு மரபின் மூலவராகவே மதிக்கப்பட்டார். எனினும் புளூமர் சொல்வது மீடின் கருத்துதானா என்ற விவாதம் பல ஆண்டுகள் நீடித்தது. செருமனியில் ஹன்ஸ் யோவாஸ், யூர்கன் ஹாபர்மாஸ், ஆக்சல் ஹோனெத் ஆகியோர் 1980களிலும் 1990களிலும் மீடை மீண்டும் மெய்யியல் விவாதத்துக்குக் கொண்டுவந்தனர்.

மீடின் கொள்கையில் அதிகாரத்துக்கும் ஏற்றத்தாழ்வுக்கும் போதிய இடமில்லை என்பதே அதன்மீது வைக்கப்படும் வலுவான திறனாய்வு. பிறருடைய நோக்கிலிருந்தே தன்னிலை உருவாகிறது எனில், அப்பிறர் ஒருவரை இழிவாகவே நோக்கும்போது என்ன ஆகும்? மீடின் சமகாலத்தவரான கறுப்பின அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டூ போய்ஸ், 1903 இல் வெளியிட்ட நூலில், தன்னை இகழும் உலகத்தின் அளவுகோலால் தன்னை அளந்துகொள்ள நேரும் மனிதரின் பிளவுண்ட உணர்வை விளக்கியிருந்தார். மீடின் பொதுமையாக்கப்பட்ட பிறர், ஒரே ஆட்டத்தை ஒரே விதியின்கீழ் ஆடும் குழு. டூ போய்ஸ் கண்ட சமூகத்தில் சிலர் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளப்படவே இல்லை. ஓபர்லினில் படித்து, சிக்காகோவில் வாழ்ந்த மீட், இனப் பாகுபாட்டைத் தம் தன்னிலைக் கொள்கையின் மையச் சிக்கலாக எடுத்துக்கொள்ளாதது ஒரு குறையே. ஆயினும் இகழ்ச்சி ஏன் உள்ளே இறங்கிக் காயப்படுத்துகிறது என்பதை விளக்கும் கருவிகள் மீடிடமிருந்தே கிடைக்கின்றன. ஹோனெத் 1992 இல் வெளியிட்ட ஏற்பு பற்றிய நூல் அவற்றைத்தான் பயன்படுத்தியது.

1934 ஆம் ஆண்டுப் பதிப்பில் மீட் பேசியது எது, மாரிஸ் சேர்த்தது எது என்று பிரித்தறியும் ஆய்வுகள் பிற்காலத்தில் நடைபெற்றன. டேனியல் ஹுப்னரும் யோவாசும் பதிப்பித்த அதன் புதிய பதிப்பு 2015 இல் வெளிவந்தது. நூலின் ஒவ்வொரு பகுதியும் எந்தக் குறிப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்பது அதன் பின்னிணைப்பில் விளக்கப்பட்டுள்ளது.